ஏழு இலக்கங்களில் ஒரு தண்டையல்

"ஒரே தொழில் வழங்குநரிடம் தொடர்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஓர் அங்கத்துவ இலக்கம் மட்டுமே வழங்கப்பட வேண்டும்."

தொழிலாளர் சேமிப்பு நிதியின் பழைய பதிவுப் படிவத்தில், பின்பக்கம், அடியிலிருந்து மூன்றாவது வரி இது. படிவங்களின் பின்பக்கத்தை வாசிப்பவர்கள் நாட்டில் மிகச் சிலர். நான் அவர்களில் ஒருவன். அதற்காகத்தான் எனக்கு இத்தனை காலம் சம்பளம் தந்தார்கள். இப்போது ஓய்வூதியம் தருகிறார்கள். அந்த வரியை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு இருபது வயது. வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, ஆறு வருடம், அதை மீறினேன். அவசரத்தில் மீறவில்லை. மூன்று பிரதிகள் எடுத்து, ஒழுங்காகக் கோவைப்படுத்தி மீறினேன்.

அப்போது நான் வாவிக்குள் இருந்த ஒரு தீவில் எழுதுவினைஞன். அந்தத் தீவுக்குக் குத்தகை உறுதியில் ஒரு பெயரும் நில அளவைப் படத்தில் வேறொரு பெயரும் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் வெறுமனே தீவு என்றுதான் சொல்வார்கள். வவுணதீவுத் துறையில் விடியற்காலை சவள் துடுப்பு வலிக்கத் தொடங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும்போது போய்ச் சேரலாம். காற்று எதிரே நின்றால் பொழுது சாய்ந்துவிடும். கொழும்பில் பதிவு செய்த ஒரு கம்பனி அதை அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்து, இறாலை ஐஸ் பெட்டியில் அனுப்பியது. மீனை உப்பிட்டுக் காயவைத்தது. பதினைந்து பேர் வேலை செய்தோம். வலை போடுகிறவர்கள், மீன் வெட்டி உப்பிடும் நான்கு பெண்கள், ஐஸ் தோணியின் தண்டையல், எல்லாருக்கும் கணக்கெழுதும் நான்.

தண்டையல் என்றால் தோணிக்குப் பொறுப்பானவர். ஐஸ் கரைவதற்குள் இறாலைத் துறையில் சேர்ப்பது அவர் வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சுக்கானைக் கால்விரல்களால் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் வெற்றிலை மடிப்பார். முதல் நாள் அந்தத் தோணியில் ஏறியபோது பேரேட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி இருந்த என்னைப் பார்த்து, "பயப்பிடாத தம்பி, கவிண்டா முதல்ல புத்தகத்தத்தான் எடுப்பன்" என்றார்.

நாட்கூலிதான். கிழமைக்கு ஒரு தடவை, எடுத்த அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய்க்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பேன். அதற்கு முன் சேமிப்பு நிதிக்கும் ஒரு பங்கு பிடித்துவிடுவேன். கம்பனியும் தன் பங்கைக் கட்டும். அந்த நாளில் வாவித் தொழிலாளிக்கு அப்படி ஒன்று இருப்பது கேள்விப்படாத சங்கதி. கம்பனியின் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். குத்தகை நிபந்தனையில் அது இருந்தது. நிபந்தனையை வாசித்துச் சொன்னவன் நான். அதில் எனக்கு மெத்தப் பெருமை.

வினை வந்தது வைகாசியில். என்னைத் தவிர மற்றப் பதினாலு பேரும் ஒரே ஊர்க்காரர். அந்த ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரே ஒரு முறை, வைகாசியில், சடங்குக்காகத் திறக்கும். பூரணையோடு அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடிக் கதவைச் சாத்தினால் அடுத்த வைகாசி வரை அது சாத்தியபடிதான். அந்த நாட்களில் அவர்கள் வலை தொடமாட்டார்கள், மீன் தின்னமாட்டார்கள். அது எல்லாரும் அறிந்தது. எனக்குப் புதிதாக இருந்தது மற்றது: கடனோடு யாரும் கோயில் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கி, ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் உள்ளே போகலாம்.

ஆகவே கதவு திறப்பதற்கு முதல் நாள் மத்தியானம் தீவில் எல்லாக் கணக்கும் தீரும். வலைகளைக் கழுவி உலர்த்திவிட்டு, உப்புத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். நான் கம்பனிக் கணக்கைச் சதம் பாக்கியில்லாமல் முடிப்பேன். பிறகு அவர்களுக்குள் தொடங்கும். அது கம்பனிக் கணக்கைவிட நேரம் எடுக்கும்.

மீன் வெட்டும் பெண்களில் மூத்தவர் தண்டையலைப் பிடிப்பார். "போன மாசம் ரெண்டு பாக்குத் தந்தன். மறந்து போச்சாக்கும்."

"ரெண்டா? ஒண்டு சொத்தை."

"சொத்தையெண்டாலும் பாக்குத்தானே. எடு இஞ்ச."

அவர் எடுத்துக் கொடுப்பார். "எனக்கும் உனக்கும் ஒண்டுமில்ல" என்பார். அவவும் அதையே திருப்பிச் சொல்வா. அது சொன்னால்தான் தீர்ந்தது. முதல் வருடம் தண்டையல் என்னிடமும் வந்து ஒரு சவர பிளேட்டை நீட்டினார். "உன்ட பிளேட்டுத்தான் தம்பி. ஒரு பக்கத்தால நான் வழிச்சிட்டன். மற்றப் பக்கம் புதுசு."

இதை வாய்ப்பேச்சாக விட்டிருக்கலாம். எழுத்தறிவில்லாத ஒருவன் கணக்கெழுதியிருந்தால் விட்டிருப்பான். நான் உயர்தரத்தில் தமிழில் அதிவிசேட சித்தி பெற்றவன். இவ்வளவு அழகான வழக்கத்துக்கு ஓர் எழுத்து இல்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது. கம்பனிக் கடிதத் தாளைத் துண்டாக வெட்டி, ஆளுக்கொரு பற்றுச்சீட்டு எழுதினேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் பாடம்: "எனக்குச் சேரவேண்டிய யாவற்றையும் இக்கம்பனியிடமிருந்து குறைவறப் பெற்றுக்கொண்டு, இன்றுடன் சேவையினின்று நீங்கி, இனி எக்காலத்தும் எவ்வித உரிமையும் கோரேன் என இத்தால் உறுதி கூறுகிறேன்."

சேவையினின்று நீங்கி என்பதற்குத் தேவையே இல்லை. பத்து நாளில் அத்தனை பேரும் திரும்பி வந்து அதே வலையைத்தான் போட்டார்கள். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் வாக்கியம் நடுவில் நொண்டியது. அதனால் சேர்த்தேன்.

அதோடு விட்டேனா என்றால், இல்லை. ஒருவர் கணக்குத் தீர்த்து விலகினால் நிதி அலுவலகத்துக்கு விலகல் படிவம் அனுப்ப வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. என் சொந்தத் துண்டிலேயே விலகினார் என்று இருக்கிறது. படிவம் அனுப்பாமல் இருக்க முடியுமா? பதினாலு விலகல் படிவம் அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பதினாலு சேர்வுப் படிவம். கொழும்பிலிருந்து பதினாலு புது இலக்கம் வந்தது. இரண்டு விதிகள் முன்னால் இருந்தன. அதிகம் தாள் பிடிக்கும் விதியை நான் தேர்ந்தெடுத்தேன். கம்பனி முகாமையாளர் தீவுக்கு வந்தபோது கோவையைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான கோவையைத் தலைமைக் கந்தோரிலும் காணவில்லை என்றார். இப்படியே மொத்தம் ஆறு வைகாசி.

ஏழாவது இலக்கம் நடந்துகொண்டிருந்த கார்த்திகையில் சூறாவளி அடித்தது. நாங்கள் எல்லாரும் கரையில் இருந்தோம், உயிர்ச்சேதமில்லை. தீவில் வாடிக் கொட்டில்களும் உப்புத் தொட்டியும் என் சுத்தமான கோவைகளும் போயின. கம்பனி குத்தகையைக் கைவிட்டது. ஏழாவது தடவை யாரும் கணக்குத் தீர்க்கவில்லை. நான் அரசாங்க சேவையில் சேர்ந்தேன். அங்கே என் திறமைகளுக்கு விசாலமான இடம் கிடைத்தது.

நான்கு வருடங்களுக்கு முன், வெள்ளத்துக்குப் பிறகு, தண்டையலின் வீட்டுக் கூரை சரிந்து விழுந்துவிட்டது. காத்தான்குடியில் வன்பொருள் கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஒருவர் தகரமும் மரமும் கடனுக்குக் கொடுத்தார். கூரை எழும்பியது. வைகாசி வந்தது. தண்டையல் கோயிலுக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த வருடமும் வெளியேதான். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்திருந்த வருடங்களைத் தவிர அவர் உள்ளே போகாத சடங்கு இல்லை. இப்போது எண்பதை எட்டிப் பிடிக்கும் வயது. எத்தனை வைகாசி மிச்சம் என்று அவருக்கே ஒரு கணக்கு இருந்திருக்கும்.

இதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் அவர் ஒரு பால்மா டின்னைத் திறந்து ஆறு துண்டுகளை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. ஒவ்வொரு வருடமும் அவர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் பூசை செய்யும் கட்டாடியாரிடம் கொடுத்து மஞ்சள் தண்ணீர் தெளித்து வாங்கியிருக்கிறார். ஆறும் மஞ்சள் பூத்திருந்தன.

"அண்ணே, சேமிப்பு நிதிக் காசு எடுத்தீங்களா?"

"எதை எடுக்கிறது? இதிலதான் எழுதிக் கிடக்கே, எனக்கு ஒண்டும் வரவேண்டியதில்ல எண்டு. நீதானே எழுதினாய்."

நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் தன் காசைக் கேட்காமல் இருந்தது என் வாக்கியத்தை நம்பி. அது உங்களிடமே பிடித்த காசு, கம்பனியோடு தீர்த்த கணக்கு வேறு, இது வேறு என்று விளக்கினேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. "அம்மன்ட முன்னால தீர்த்ததைத் திருப்பிக் கிண்டலாமா?" என்று இரண்டு கிழமை யோசித்தார். கடைசியில் கூரைக் கடனைத் தீர்க்க வேறு வழியில்லாததால் வந்தார்.

நகரத்து உப அலுவலகத்தில், கருமபீடத்தில் இருந்த இளம் உத்தியோகத்தர் நல்ல பிள்ளை. துண்டுகளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஐயா, இது ஏழு அங்கத்தவர்."

"ஏழு இலக்கம், பிள்ளை. ஆள் ஒண்டு."

"சிஸ்டத்தில ஏழு ஆள் ஐயா. ஒரு ஆளுக்கு ஒரு இலக்கத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். மற்ற ஆறு பேரிட சம்மதக் கடிதம் வேணும். இல்லாட்டி மரணச் சான்றிதழ்."

தண்டையல் முன்னால் குனிந்தார். "அந்த ஆறு பேரும் வந்தா நான் எழும்பி இடம் குடுக்கிறன் மகள். வருவாங்களோ எண்டுதான் தெரியா."

பிள்ளை சிரித்துவிட்டு மறுபடி கணினியைப் பார்த்தார். "ஏழாவது இலக்கத்துக்கு விலகல் படிவம் வரவே இல்ல ஐயா. அதால இவர் இன்னும் சேவையில இருக்கிறார்."

"சேவையிலயா?" என்றார் தண்டையல். "அப்ப இவ்வளவு நாள் சம்பளம் எங்க?"

ஆறு தடவை விலகாதவரை விலகியவர் என்கிறார்கள். ஏழாவது தடவை உண்மையில் விலகியவரை விலகவில்லை என்கிறார்கள். தோணி இல்லை, கம்பனி இல்லை, தீவில் நாணலும் கொக்கும்தான். அங்கே அவர் இன்னும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பதிவேடு அப்படிச் சொல்கிறது. பதிவேடு பிழை என்று அந்தப் பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வது? பதிவேட்டில் இருப்பது முழுவதும் நான் அனுப்பியது.

அந்தப் பிள்ளை ஒரு துண்டை எடுத்து மெல்ல வாசித்தார். "குறைவறப் பெற்றுக்கொண்டு... ஆர் ஐயா எழுதினது? நல்ல தமிழ்."

"இவர்தான்" என்று தண்டையல் என்னைக் காட்டினார். கோபமில்லை. கடைத் தெருவில் யாரோ வழி கேட்டதற்குக் கை நீட்டியதுபோல இருந்தது.

அன்றே செய்ய வேண்டியதைச் செய்தேன். ஏழு இலக்கமும் ஒருவருடையவை என்றும், விலகல் படிவங்கள் என் தவறான விளக்கத்தால் அனுப்பப்பட்டவை என்றும் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்தேன். கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலகத்தின் மேலொப்பம், படிவத்தின் பின்பக்க மூன்றாவது வரியின் பிரதி, எல்லாவற்றையும் இணைத்துக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஓர் ஓட்டையும் விடவில்லை. ஓட்டையில்லாத விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது. அதனால் அதற்குப் பதில் போடமாட்டார்கள். நான் சேவையில் இருந்தபோது அப்படித்தான் செய்தோம்.

முதலாம் நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல். மூன்றாவதைச் சிங்களத்திலும் எழுதினேன். அந்த அலுவலகச் சுவரில், கடிதம் கிடைத்து எத்தனை நாளில் பதில் வரும் என்று மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. அதை மேற்கோள் காட்டினேன். தொலைபேசி எடுத்தால் கோவை மேசையில் இருக்கிறது என்றார்கள். எந்த மேசை என்று கேட்டேன். சம்பந்தப்பட்ட மேசை என்றார்கள். அந்த மேசையை எனக்குத் தெரியும். கடினமான முடிவு எடுக்க வேண்டிய கோவை எப்போதும் அடுக்கின் அடியில் இருக்கும். மேலே வருவது போல வந்தால் அதற்கு மேல் இன்னொன்று வைக்கப்படும். நானே வைத்திருக்கிறேன், பெயரில்லாத எத்தனையோ பேரின் காகிதங்களை. அவர்களில் யார் யார் வேலிக்கு வெளியே நின்றார்களோ.

இப்படியே மூன்றாவது வைகாசி நெருங்கியது. கொழும்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடித்தேன். கடன் கொடுத்தவரே அதை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தால் கடன் இல்லை. சட்டப்படி சரி. காத்தான்குடிக் கடைக்குத் தனியாகப் போனேன். முதலாளி அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் எப்பயாவது அவருக்கிட்ட கேட்டனா?"

"கேக்கல்ல."

"தகரம் ஒழுகுதாமா?"

"ஒழுகல்ல."

"அப்ப என்ன பிரச்சினை? தாங்க, எங்க ஒப்பம் வைக்கணும்?"

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தில் ஒப்பமிட்டார். "குறைவற" என்ற சொல்லை இந்தத் தடவை போடவில்லை. அதைத் தண்டையலிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு மடித்து, மா டின்னுக்குள் மற்ற ஆறோடு வைத்தார்.

"அவர் விட்டுட்டார். நல்ல மனுசன். நான் இன்னும் விடல்லயே" என்றார். டின்னை மூடிவிட்டு, "நீ எழுதுற தாளெல்லாம் எண்ட தலையிலதான் விழுகுது தம்பி. கொஞ்ச நாளைக்கு எழுதாம இரன்" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீடு திரும்பும் பஸ்ஸில் என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வைகாசியும் அவர் வெளியே.

எழுதாமல் இருப்பது எனக்கு முடியாது. நான்காம் நினைவூட்டல், ஐந்தாம் நினைவூட்டல். ஆறாவதோடு என் பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் நிழற்பிரதியை இணைத்து, ஓரத்தில் அந்த மஞ்சள் எதனால் வந்தது என்று கையால் எழுதினேன். கோயில், கதவு, வேலி, கடன், எல்லாவற்றையும் பச்சைத் தமிழில், எந்தப் பந்தி இலக்கமும் இல்லாமல். அலுவலகக் கடிதத்தில் அப்படி எழுதக் கூடாது. என் கீழ் வேலை செய்தவர் யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் கீறித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இந்த வருடம் கதவு திறந்தது. ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்துவிட்டுத்தான் தண்டையல் வீட்டுக்குப் போனேன், வெறுங்கையோடு. குளிர்த்தி அன்று கோயிலைச் சுற்றி ஒரே சனம். அவர் வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வழக்கமான இடத்தில் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ ஏன் தம்பி இஞ்ச நிக்கிறாய்? உனக்கு என்ன கடன்?"

"உள்ளுக்குச் சரியான வெக்கை" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெற்றிலை மடித்து எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்குவதா விடுவதா என்று யோசித்தேன். வாங்கினேன். உள்ளே குளிர்த்தி பாடி முடித்தார்கள். கதவு சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் காலை தண்டையலின் முற்றத்தில் நாங்கள் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். ஒன்றல்ல, ஏழு பதிவுத் தபால். ஏழு அங்கத்தவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டிருந்தார்கள்.

"ஏழிலயும் ஒப்பம் வைக்கணும் அப்பா" என்றார் தபால்காரர்.

தண்டையல் ஏழு தடவை கையெழுத்திட்டார். ஆறு கடிதங்களில், உமது மீதி ஏழாவது இலக்கத்துக்கு மாற்றப்பட்டது, கோவை மூடப்பட்டது என்று இருந்தது. ஏழாவதில், சேவையிலிருந்து விலகியதாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்ற ஒரு வரியும் ஒரு காசோலையும். கூரைக் கடனுக்குக் காணும். மேலும் கொஞ்சம் மிஞ்சும். காசோலையின் திகதியைப் பார்த்தேன். கதவு திறப்பதற்கு மூன்று கிழமைக்கு முந்தியது. யாருடைய மேசையிலோ, ஏழு உறைக்கும் விலாசம் எழுதி முடியும்வரை காத்திருந்திருக்கிறது.

அவர் காசோலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது எத்தின மாசத்துக்குச் செல்லும்?"

"ஆறு மாசம்."

"கதவு திறக்கப் பன்னிரண்டு கிடக்கு" என்றார். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எழும்பு. வங்கிக்குப் போயிட்டு அப்படியே காத்தான்குடிக்குப் போவம். அவருக்கிட்டப் போய், எனக்கும் உனக்கும் ஒண்டுமில்ல எண்டு சொல்லணும்."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் பேனையை எடுத்து, பழக்க தோசத்தில், ஏழாவது உறையின் மூலையில் கிடைத்த நாளைக் குறித்தேன்: வைகாசிப் பூரணைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல்.